பேசின் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லையா? டைலை உடைக்க விடாதீர்கள்

ஷவரில் தண்ணீர் நன்றாக வருகிறது. டொய்லட் டேங்க் நிரம்புகிறது. பேசின் குழாயைத் திறந்தால் மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகி நின்றுவிடுகிறது. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் ஒரு மழைக்காலம் போவதற்குள் இதைப் பார்த்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வந்து பார்த்த பிளம்பர் பாஸ் குழாயை ஒரு தரம் திருகினார், சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். "மிஸ், இது உள்ளுக்கத்தான் அடைச்சிருக்கு. டைல் நாலஞ்சு உடைக்கணும்" என்றார். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் டைலைத் தொட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதாயிற்று. அடைப்பு சுவருக்குள் இல்லை. பேசினுக்குக் கீழே, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அதன் பிறகு அக்கம்பக்கத்து வீடுகளிலும் பாடசாலை குவாட்டர்ஸிலும் இதே வேலையைப் பார்த்துவிட்டேன். குப்பை தங்குவது தண்ணீர் ஒடுங்கிப் போகும் இடத்தில்தான். அரை அங்குல பைப்புக்குள் மணல் பாட்டுக்கு ஓடிவிடும். குழாய் நுனிச் சல்லடை, பேசினுக்குக் கீழே இருக்கும் இணைப்பு ஹோஸ், அது சுவரில் மாட்டும் வால்வு, இந்த மூன்றில் ஒன்றில் வந்துதான் மாட்டும். அதனால் நுனியில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். சுவர் கடைசி.

பேசினிலிருந்து தண்ணீர் இறங்காமல் தேங்குவது வேறு பிரச்சினை. அது கழிவுக் குழாய் அடைப்பு. அதற்கென்று கடையில் விற்கும் தூளையோ அசிட்டையோ தண்ணீர் வரும் பக்கத்தில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். நீங்கள் வாய் கொப்பளிக்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது.

1. பைப் யாருடையது என்று முதலில் பாருங்கள்

மலைநாட்டில் ஒரே தெருவில் மூன்று விதமான தண்ணீர் ஓடும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் லைன் ஒன்று. ஊர்ச் சங்கம் நடத்தும் ஊற்றுத் தண்ணீர்த் திட்டம் இன்னொன்று. தோட்டத்து லைன் மூன்றாவது. எதில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் தொடலாமா கூடாதா என்பது மாறும்.

சபைத் தண்ணீர் என்றால் மீட்டர்தான் எல்லை. மீட்டரும் அதற்கு முன்னால், தெருப் பக்கம் உள்ளதும் சபையின் பொறுப்பு. மீட்டருக்குப் பின்னால் உள்ளதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டருக்கு முன்னால் உள்ள வால்வையோ சீலையோ நீங்களோ உங்கள் பாஸோ கழற்றினால் அது குற்றம், தண்டம் கட்ட நேரும். பிரதான லைனிலேயே தண்ணீர் வரவில்லை என்றால் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். கணக்கிலக்கம் கேட்பார்கள், அது மாதாந்த பில்லில் இருக்கும். வாடகை வீட்டில் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும் என்பதால் பழைய பில் ஒன்றைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத் தண்ணீர் என்றால் செயலாளரிடமோ லைன் பார்க்கும் ஆளிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேலே ஊற்றில் ஏதாவது வேலை நடக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். மாதப் பணம் கட்டிய துண்டு கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். தோட்டத்து லயத்திலோ தோட்டத்துத் தனி வீட்டிலோ இருந்தால் வீட்டுக்குள் உள்ள பைப்பை நீங்கள் பார்க்கலாம். வெளி லைனில் கை வைக்க வேண்டுமானால் தோட்ட ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு லயத்தின் லைனை அடைத்தால் பத்து வீட்டுக்குத் தண்ணீர் நின்றுவிடும். அப்புறம் அந்தச் சண்டையைத் தீர்க்க ஆள் தேட வேண்டி வரும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு யார் செலவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் எழுதியிருக்காது. அப்படியானால் வேலை தொடங்கும் முன் பேசினையும் அதன் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து, "இதைக் கழற்றிப் பார்க்கிறேன், சாமான் செலவை வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி, "சரி" என்று பதில் வந்த பிறகு தொடங்குங்கள். வாய்ப்பேச்சு மாத முடிவில் யாருக்கும் நினைவிருக்காது.

2. எந்தப் பக்கம் அடைப்பு என்று கண்டுபிடியுங்கள்

கருவி எதுவும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வீடு முழுவதும் மெதுவாக வந்தால் பேசினை விட்டுவிட்டு டேங்கைப் பாருங்கள் (9ஆம் பகுதி). பேசினில் மட்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் ஒரே குழாயில் வரும் மிக்ஸர் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் மெதுவாக வந்தால் அடைப்பு குழாய் நுனியில், அல்லது குழாய்க்குள்ளேயே. ஒரு பக்கம் மட்டும் மெதுவாக வந்தால் அந்தப் பக்கத்து ஹோஸ், வால்வு, அல்லது அதற்கும் பின்னால். சுடுதண்ணீர் மட்டும் எல்லா இடத்திலும் மெதுவாக வந்தால் கீசரின் உள்வாயில் இருக்கும் சிறு சல்லடை அடைத்திருக்கலாம். நுவரெலியாப் பக்கம் பல வீட்டில் கீசர் உண்டு, ஆனால் அந்தச் சல்லடை இருப்பது பலருக்குத் தெரியாது. கீசரைத் தொடுவதற்கு முன் அதன் மின்சாரத்தை மெயின் போர்டிலேயே நிறுத்துங்கள். சுவிட்ச் அணைந்திருப்பது மட்டும் போதாது.

எப்போது நின்றது என்பதும் முக்கியம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் படிவு. பெருமழைக்கு அல்லது பைப் வேலைக்கு மறுநாள் சட்டென்று நின்றால் மணல் அல்லது துண்டு. டேங்க் காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு சீறிச் சீறித் துப்பினால் அது அடைப்பே அல்ல, பைப்புக்குள் காற்று. அதற்கு நேராக 7ஆம் பகுதிக்குப் போங்கள்.

3. சாமான், காசு, நேரம்

வீட்டில் இருக்க வேண்டியவை: அகலத்தை மாற்றக்கூடிய ஸ்பேனர் ஒன்று, வாளி, பழைய பல்துலக்கி, டோர்ச், இரண்டு பழந்துணி, கொஞ்சம் வினாகிரி. ஸ்பேனர் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். பைப் குறடால் நட்டைக் கடித்தால் முகப்பு கிழிந்துபோகும்.

கடையில் வாங்க வேண்டியவை: மரையில் சுற்றும் த்ரெட் டேப் ஒரு சுருள், அரை அங்குல ரப்பர் வொஷர் நாலைந்து, தேவைப்பட்டால் ஹோஸ், அதற்கும் தேவைப்பட்டால் எங்கிள் வால்வு (ஹோஸ் சுவரில் மாட்டும் அந்தச் சிறு வால்வு). டேப்பும் வொஷரும் சில்லறைக் காசு. ஹோஸ் சில நூறு ரூபா. பித்தளை எங்கிள் வால்வு தரத்தைப் பொறுத்து ஆயிரத்தையும் தாண்டும். டைலைத் தொடாத வரை கையில் 5,000 ரூபா இருந்தால் தாராளம், பெரும்பாலும் அதில் பாதிக்குமேல் மிஞ்சும்.

ஹாட்வெயாருக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். "பேசின் ஹோஸ் ஒன்று தாங்க" என்றால் கவுண்டரில் இருப்பவர் திருப்பிக் கேட்பார்: "எத்தன அங்குலம் மிஸ்? ரெண்டு பக்கமும் உள் மரையா, ஒரு பக்கம் பின்னா?" மிக்ஸர் குழாய்க்குப் போகும் ஹோஸின் ஒரு முனை மெல்லிய பின்னாக இருக்கும். தனிக் குழாய்க்குப் போவதில் இரு முனையிலும் அரை அங்குல நட் இருக்கும். பழையது கையில் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நீளத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். இழுத்துக் கட்டிய ஹோஸ் நட்டின் அருகில் மடங்கி, அங்கேயே தண்ணீரை நிறுத்திவிடும்.

கடைசி வரை போனாலும் இது அரை நாள் வேலைதான். ஆனால் காலையில் தொடங்குங்கள். மாலை ஐந்து மணிக்கு வால்வைக் கழற்றிவிட்டு, கடை பூட்டிய பிறகு வொஷர் தேடினால் இரவு முழுவதும் வீட்டுக்கே தண்ணீர் இருக்காது. போயா நாளைத் தவிருங்கள். தொடங்கும் முன் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வையுங்கள்.

4. நுனிச் சல்லடை

குழாய் நுனியில், தண்ணீர் விழும் வாயில் ஒரு சிறு வளையம் திருகப்பட்டிருக்கும். அதற்குள் சல்லடை. பெரும்பாலானோரின் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

முதலில் பேசினின் ஓட்டையைத் துணியால் அடையுங்கள், இல்லையென்றால் கழற்றிய சாமான் நேராகக் கழிவுக் குழாய்க்குள் போய்விடும். வளையத்தைத் துணி சுற்றிக் கையால் திருகுங்கள். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. மேலே நின்று பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. கை வழுக்கினால் துணிக்கு மேல் ஸ்பேனரை மெல்லப் பிடியுங்கள். உள்ளே இரண்டு மூன்று சிறு தட்டுகள் அடுக்காக இருக்கும். எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து ஒரு படம் எடுங்கள்.

இப்போது சல்லடை இல்லாமல் குழாயைத் திறந்து பாருங்கள். பலமாக வந்தால் அடைப்பு சல்லடையில்தான். வினாகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பல்துலக்கியால் தேய்த்து மாட்டுங்கள், வேலை முடிந்தது.

சல்லடையில் இருந்ததை மட்டும் உடனே கழுவிவிடாதீர்கள். அதை வெள்ளைத் தட்டில் தட்டி வெளிச்சத்தில் பாருங்கள். எந்த இடத்துப் பிரச்சினை என்று அதுவே சொல்லிவிடும்.

மினுமினுக்கும் மெல்லிய செதில்களோடு மணல் இருந்தால் அது காக்காப்பொன் கலந்த ஓடைமணல். நம் மலைப்பாறையில் அது நிறையவே உண்டு. ஊற்றிலிருந்து வடிகட்டாமல் வருகிறது என்று அர்த்தம். மஸ்கெலியா, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசி மழையிலும் இது கூடும். மெல்லிய நார் போன்ற வேர் இருந்தாலும் இதே கதைதான், ஊற்றுத் தொட்டிக்குள் மரவேர் புகுந்திருக்கிறது.

வெள்ளையான சுருள் சுருளான பிளாஸ்டிக் சீவல் இருந்தால் பிவிசி பைப்பை வாளால் அறுத்தபோது விழுந்தது. புது வீட்டில் சகஜம். பைப்பை அறுத்தவர் உள்ளே துடைக்காமல் ஒட்டிவிட்டார். ஒரு தரம் நன்றாகக் கழுவிவிட்டால் மறுபடி வராது.

செம்பழுப்புச் செதில் என்றால் பழைய இரும்பு பைப் எங்கோ இருக்கிறது. மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, இரும்பை அது மெல்ல அரிக்கும். துரு உள்ளுக்குள்ளேயே படிந்து ஒரு அங்குல பைப்பை விரல் நுழையாத ஓட்டையாக்கிவிடும். சல்லடையை எத்தனை முறை கழுவினாலும் திரும்ப வரும், அந்தத் துண்டு பைப்பை மாற்றத்தான் வேண்டும்.

கறுப்பு ரப்பர்த் துகள் கையில் மை போல ஒட்டினால் ஹோஸின் உட்புறம் உரிகிறது. ஹோஸை உடனே மாற்றுங்கள். கெட்டியான வெள்ளைப் படிவு என்றால் சுண்ணாம்பு. கேத்தலின் உள்ளேயும் வெள்ளை படிகிறதா என்று பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். அதற்கு வினாகிரி நல்ல மருந்து. பச்சை வழுவழுப்பு என்றால் டேங்க் மூடி சரியாக மூடவில்லை, வெயில் பட்டுப் பாசி பிடிக்கிறது.

5. ஹோஸ்

சல்லடை இல்லாமலும் தண்ணீர் வரவில்லையா? பேசினுக்குக் கீழே சுவரில் எங்கிள் வால்வு இருக்கும். அதைக் கடிகாரத் திசையில் திருகி மூடுங்கள். பல வருடம் தொடாமல் இருந்தால் இறுகிப்போயிருக்கும். பலத்தைக் காட்ட வேண்டாம், மேலே டேங்க் வால்வை மூடுங்கள். பிறகு குழாயைத் திறந்து பைப்பில் இருக்கும் மிச்சத் தண்ணீர் வடியும் வரை விடுங்கள்.

வாளியை அடியில் வைத்து, ஹோஸின் வால்வுப் பக்க நட்டைக் கழற்றுங்கள். இனித்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும் சோதனை. வால்வின் வாயில் ஒரு லீற்றர் போத்தலைப் பிடித்து, வால்வை (டேங்க் வால்வை மூடியிருந்தால் அதை) மெதுவாகத் திறவுங்கள். பத்துப் பதினைந்து செக்கனுக்குள் போத்தல் நிரம்பினால் சுவர் பைப்பில் ஒரு குறையும் இல்லை. அடைப்பு ஹோஸிலோ குழாயிலோ இருக்கிறது. அரை நிமிடம் தாண்டியும் நிரம்பவில்லை என்றால் அடைப்பு வால்வில் அல்லது அதற்குப் பின்னால். டைல் உடைக்க வரும் எவரிடமும் இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கேளுங்கள்.

போத்தல் நிரம்பிவிட்டதா? ஹோஸை மேல் பக்கமும் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் காற்றுப் போக வேண்டும். எங்கள் வீட்டு ஹோஸ் வெளியே பளபளவென்று எவர்சில்வர் பின்னலோடு புதிது போலத்தான் இருந்தது. ஊதினால் ஒரு பக்கமிருந்து போகிறது, மறு பக்கமிருந்து போகவில்லை. கத்தியால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். உள் ரப்பர் ஒரு இடத்தில் உரிந்து மடிந்து, தண்ணீர் வரும் திசையில் கதவு மாதிரி மூடிக்கொண்டிருந்தது. இதற்கா டைல்?

பழைய ஹோஸைக் கம்பி விட்டுக் குத்திச் சரிசெய்ய முயலாதீர்கள். குத்தினால் வெடிப்பு வரும், வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் ஒழுகும். புதியதை மாட்டும்போது நட்டுக்குள் ரப்பர் வொஷர் சமமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். வொஷர் உள்ள இடத்தில் த்ரெட் டேப் தேவையில்லை, டேப் சுற்றினால் வொஷர் சரியாக அமராது. கையால் முடிந்த மட்டும் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான்.

ஹோஸும் நல்லது, சல்லடையும் நல்லது என்றால் குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜைப் பார்க்க வேண்டும். கைப்பிடியில் உள்ள சிறு மூடியை நெம்பினால் திருகாணி தெரியும். கழற்றி உள்ளே மணல் இருந்தால் கழுவுங்கள், செராமிக் தட்டு கீறியிருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். குழாய் வாங்கிய பில்லும் வொரண்டி அட்டையும் இருந்தால் இந்த இடத்தில்தான் அதற்கு வேலை.

டேங்க் தண்ணீர் குறித்தும் ஒரு வார்த்தை. டேங்க் குழாயைவிடப் பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். குழாயைவிட மூன்று மீற்றர் உயரத்தில் வைத்த டேங்க் தருவது 0.3 பார்தான். வெளிநாட்டு மிக்ஸர் பலவற்றுக்கு அது காணாது. புதுக் குழாய் போட்ட நாளிலிருந்தே மெதுவாக வருகிறது என்றால் அடைப்பைத் தேட வேண்டாம், குறைந்த அழுத்தத்துக்கான குழாயை வாங்குங்கள்.

6. எங்கிள் வால்வு

போத்தல் நிரம்பவில்லை என்றால் அடுத்தது இது. டேங்க் வால்வை மூடுங்கள். சில வீடுகளில் அது பழைய கேட் வால்வு. உள்ளே தண்டு அறுந்து, கைப்பிடி மட்டும் சும்மா சுற்றும், உள்ளே கதவு பாதி மூடியபடியே நிற்கும். அப்படியானால் வீடு முழுக்க அழுத்தம் குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மாற்றும்போது கால் திருப்பில் மூடும் பந்து வால்வாக (ball valve) போடுங்கள்.

எங்கிள் வால்வைச் சுவரிலிருந்து கழற்றும்போது அவசரப்படாதீர்கள். சுவருக்குள் அது மாட்டியிருக்கும் எல்போ (வளைந்த இணைப்பு) சில வீடுகளில் வெறும் பிளாஸ்டிக். பித்தளை மரை இல்லாத எல்போவில் வால்வை வெடுக்கென்று திருகினால் எல்போ சுவருக்குள்ளேயே வெடிக்கும். அதுவரை தேவையில்லாதிருந்த டைல் உடைப்பு அப்போது உண்மையிலேயே தேவையாகிவிடும். ஸ்பேனரை முழுதாகப் பிடித்து, சீரான பலத்தோடு, நேராகத் திருகுங்கள். அசையவே இல்லையென்றால் நிறுத்திவிட்டு பாஸைக் கூப்பிடுங்கள்.

கழன்றதும் வால்வின் இரண்டு வாயையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சில வால்வுக்குள்ளும் ஒரு சல்லடை இருக்கும். பழைய த்ரெட் டேப் பிய்ந்து உள்ளே சுருண்டு கிடப்பதும் சகஜம். அடுத்து, ஒருவரை டேங்க் வால்வுக்கு அனுப்பி, நீங்கள் வாளியைச் சுவர் வாய்க்கு அணைத்துப் பிடித்துக்கொண்டு "திற" என்று கத்துங்கள். இரண்டு மூன்று செக்கன், உடனே "மூடு". முதலில் ஒரு சீறல், பிறகு சேறு, பிறகு தெளிந்த தண்ணீர் என்று வரும். தெளியும் வரை திரும்பச் செய்யுங்கள்.

மாட்டும்போது வால்வின் மரையில் டேப்பைச் சுற்றும் திசை முக்கியம். மரை உங்கள் முகத்தைப் பார்த்திருக்கக் கடிகாரத் திசையில் பத்துச் சுற்று, முதல் மரையை விட்டுவிட்டு. எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் அவிழும், அந்தத் துண்டே அடுத்த அடைப்பாகும்.

7. காற்று அடைப்பு

மலைச்சரிவில் பைப் ஏறி இறங்கித்தான் போகும். ஊற்று வற்றியோ டேங்க் காலியாகியோ மறுபடி தண்ணீர் வரும்போது ஏற்றத்தின் உச்சியில் காற்றுச் சிக்கிக்கொள்ளும். ஜனவரி முதல் மார்ச் வரை, தண்ணீரை நேரம் பார்த்துத் திறந்துவிடும் ஊர்களில், இது வாராவாரம் நடக்கும்.

முதல் வைத்தியம்: டேங்க் நிறையும் வரை பொறுத்து, வீட்டில் ஆகத் தாழ்ந்த குழாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாக முழுதாகத் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது, மிக்ஸர் உள்ளவர்களுக்கு. ஒரு பக்கம் பலமாக வந்து மறுபக்கம் வராவிட்டால் நுனியை ஈரத் துணியோடு உள்ளங்கையால் இறுக்கி அடைத்து, இரண்டு பக்கத்தையும் திறவுங்கள். பலமான பக்கத்துத் தண்ணீர் பலவீனமான பக்கத்துக்குள் ஏறிக் காற்றைத் தள்ளும். கீசரை நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லாத வேலை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

மூன்றாவது, நேரடி லைனில் உள்ள முற்றத்துக் குழாயிலிருந்து தோட்ட ஹோஸ் ஒன்றை இழுத்துப் பேசினின் எங்கிள் வால்வு வாயோடு இணைத்து, ஷவரைத் திறந்து வைத்துவிட்டு, பின்பக்கமாகத் தண்ணீரை ஏற்றுங்கள். இதே முறை சுவர் பைப்பில் சிக்கிய மணலையும் ஷவர் வழியாக வெளியே தள்ளும். ஷவர்த் தலையை முன்னதாகக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் குப்பை அதில் போய் அடைக்கும். முடிந்ததும் ஹோஸை உடனே பிரித்துவிடுங்கள். இணைத்தபடி விட்டால் பொது லைனில் அழுத்தம் குறையும் நேரம் உங்கள் வீட்டு அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி இழுபட்டு எல்லோருக்கும் போகும்.

டயர்க் கடை கொம்பிரசரைக் கொண்டுவந்து காற்றடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கண்டிப்பாக வேண்டாம். பிவிசி பைப் தண்ணீரின் அழுத்தத்துக்குச் செய்தது. அமுக்கப்பட்ட காற்று அதைச் சில்லுச் சில்லாக வெடிக்க வைக்கும்.

8. இதற்குப் பிறகும் வரவில்லை என்றால்

இப்போது பாஸைக் கூப்பிடலாம். செய்த சோதனைகளைச் சொல்லுங்கள், போத்தல் நிரம்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்லுங்கள். வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவீர்களா, நாட்கூலியா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நாட்கூலி என்றால் சாமானை நீங்களே வாங்கி வையுங்கள். ஹாட்வெயாருக்குப் போய் வருவதிலேயே அரை நாள் ஓடிவிடும்.

டைல் உடைப்பதற்கு ஒரு மாற்று உண்டு, பலர் அதைச் சொல்வதே இல்லை. அடைத்த பைப்பைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு, ஷவர் லைனிலிருந்து அரை அங்குல பைப் ஒன்றைச் சுவரின் மேலாகக் கிளிப் போட்டு இழுக்கலாம். பார்க்க அவ்வளவு அழகில்லை. ஆனால் டைல், சீமெந்து, மேசன் கூலி மூன்றும் மிச்சம். பழைய டைலின் அதே நிறம் இப்போது கடையில் கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள்.

புது பைப்பில் எஸ்எல்எஸ் 147 என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். சுடுதண்ணீர்ப் பக்கத்துக்குச் சாதாரண பிவிசி போடவே கூடாது, சூட்டில் இளகி வளையும். அதற்குச் சூடு தாங்கும் சிபிவிசி அல்லது பிபிஆர் பைப் வேண்டும். விலை கூடத்தான்.

பிவிசி பைப் ஒட்டும் இடத்தில் ஈரம் இருந்தால் கம் (பசை) பிடிக்காது. மேலிருந்து சொட்டு நிற்கவில்லை என்றால் பழைய பாஸ்மார் ஒரு வேலை செய்வார்கள்: ரோஸ்ட் பாணின் நடுப்பகுதியை உருட்டிப் பைப்புக்குள் அடைத்துவிட்டு, சொட்டு நின்ற இடைவெளியில் ஒட்டிவிடுவார்கள். பாண் பிறகு தண்ணீரில் கரைந்து வந்துவிடும். நல்ல வழிதான், சல்லடையைக் கழற்றி வைத்திருந்தால். நுவரெலியா, கந்தப்பளைக் குளிரில் கம் காய நேரமெடுக்கும். மாலையில் ஒட்டி, காலையில் தண்ணீர் திறப்பதே பாதுகாப்பு.

9. டேங்க்

சல்லடையில் மணலோ பாசியோ கண்டவர்கள் இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த மழையோடு மறுபடி பேசினுக்குக் கீழே உட்கார வேண்டியிருக்கும். டேங்கின் அடியில் வண்டல் வெளியேற ஒரு வால்வு இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரைக் குறைத்து, துணியால் துடைத்து எடுங்கள். உள்ளே குளோரின் போடுவதானால் அளவைப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அதோடு வினாகிரியையோ அசிட்டையோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

தண்ணீர் டேங்குக்குள் வரும் இடத்தில், கழற்றிக் கழுவக்கூடிய சல்லடை ஒன்றைப் போடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதைக் கழுவினால் போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு துண்டுப் பத்திரிகைத் தாளை விரித்து, இரவு முழுவதும் விடுங்கள். விரலுக்குத் தெரியாத கசிவு தாளில் தெரியும். காலையில் தாள் நனைந்திருந்தால் அந்த நட்டை இன்னும் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். சபைத் தண்ணீர்க்காரர்கள் டேங்க் நிறைந்து மிதவை மூடிய பிறகு எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைப் பாருங்கள். முள் அசைந்தால் இன்னும் எங்கோ ஒழுகுகிறது. ஹாட்வெயார் பில்லைப் படம் எடுத்து, மாட்டிய வேலையின் படத்தோடு சேர்த்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.